எட்டுச் சுற்றுக்கு எட்டு முறை கைரேகையா?

தேசிய சுகாதார ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். 70 வயது நிரம்பிய எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் அட்டையோடு ஐந்தாவது சுற்று புற்றுநோய்க் கீமோவுக்கு வந்த 71 வயதுப் பெரியவர் ஒருவர் போன வாரம் மருந்து ஏறாமலே ஊர் திரும்பினார். காப்பீட்டுத் தொகையில் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்கும் கைரேகைதான் விழவில்லை.

ஏன் விழவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் வழக்கமாகக் கொடுக்கும் கூட்டு மருந்துகளில் ஒன்று ஆக்சாலிபிளாட்டினும் கேப்சிடபினும். முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் இரண்டு மணி நேரம் நரம்பு வழியே இறங்கும். பிறகு 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு. சராசரி உடல்வாகு உள்ளவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று. ஒரு சுற்றுக்கு 84. பலருக்கு இது எட்டுச் சுற்று.

கேப்சிடபின் உள்ளங்கையையும் பாதத்தையும் பதம் பார்க்கும் மருந்து. சிவக்கும், எரியும், தோல் உரியும். கை அவ்வளவாகப் புண்ணாகாதவர்களுக்கும்கூட விரல் நுனியில் வரிகள் மழுங்கிவிடுவதுண்டு. நாற்பது வருஷம் களை பறித்த கை, செங்கல் தூக்கிய கை என்றால் வரிகள் ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கும். மருந்தை நிறுத்திச் சில வாரங்களில் ரேகை பெரும்பாலும் திரும்பிவிடும். அதாவது, கருவி அவரை அடையாளம் கண்டுகொள்ளும் நாளில் அவருக்குக் கீமோ தேவைப்படாது.

கருவிழி, முகம், ஓடிபி என்று மாற்று வழிகள் இருப்பது தெரியும். ஆனால் பல காப்பீட்டு மேசைகளில் இருப்பது கைரேகைக் கருவி ஒன்றுதான். ஓடிபி போகும் எண் திருப்பூரில் ஷிப்டில் இருக்கும் மகனுடையது. வேலை நேரத்தில் அவர் போனைத் தொட முடியாது. ஈரத்துணியால் விரலைத் துடைத்து, அடுத்த விரலை வைத்து, பத்தும் முடிந்தபின் "நாளைக்கு வாங்கய்யா" என்பார்கள்.

அந்த "நாளைக்கு" என்ன செய்யும் தெரியுமா? ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இரத்தத்தில் வெள்ளணுவும் தட்டணுவும் பார்க்க வேண்டும். அந்த அறிக்கை இரண்டு மூன்று நாளுக்குத்தான் செல்லும். தேதி தள்ளினால் மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு, சிகிச்சைக்கு முன் திட்டத்திடம் வாங்கும் முன் அனுமதியும் மறுபடி. அணுக்கள் குறைந்து சுற்றைத் தள்ளுவது மருத்துவர் முடிவு. ரேகைக்காகத் தள்ளுவது யார் முடிவு?

ஆகவே கேட்பது ஒன்றுதான்: புற்றுநோய்ச் சிகிச்சைத் திட்டம் முழுமைக்கும் ஒரே முன் அனுமதி, ஒரே அடையாளச் சரிபார்ப்பு. பயாப்சி என்ற திசுப் பரிசோதனை, சிடி ஸ்கேன், மருத்துவர் குழுவின் பரிந்துரை மூன்றையும் பார்த்துத் தொடக்கத்திலேயே எட்டுச் சுற்றுக்கும் அனுமதி தரலாம். பிறகு சுற்றுக்குச் சுற்று இரத்த அறிக்கையும் படுக்கையருகே எடுத்த படமும் பதிவேறினால் போதும். மருந்தே மாறினால் மட்டும் புது அனுமதி கேளுங்கள்.

மோசடி நடக்கும் என்பீர்கள். அடுத்தவர் அட்டையைக் காட்டி, வாந்தியும் கைகால் மரத்துப்போவதும் தரும் ஆக்சாலிபிளாட்டினைத் தன் நரம்பில் ஏற்றிக்கொள்ள இந்த நாட்டில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. மோசடி நடந்தால் பில்லில்தான் நடக்கும். அதைப் பிடிக்க மருந்துக் குப்பியின் பேட்ச் எண்ணைக் கேளுங்கள், கிழவரின் கட்டைவிரலை விட்டுவிடுங்கள்.

சொல்லத் தொடங்கினால் இன்னும் நீளும். மருத்துவமனையில் சேர்வதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பியபின் 15 நாள் வரை ஆகும் செலவு என்பது உங்கள் கணக்கு. சுற்றோ 21 நாள். புறநோயாளிச் செலவு திட்டத்திலேயே கிடையாது. மலத்தில் இரத்தம் கண்டு, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, பயாப்சி என்று அலைந்து நோய் உறுதியாகும் முன்பே பல வீடுகளில் தோடு அடகுக்குப் போயிருக்கும். அட்டை வழங்கும் விழாவில் படம் எடுக்கும்போது யாரும் ரேகை கேட்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்தது அந்த ஒன்றுதான்: ஒரு சிகிச்சைத் திட்டத்துக்கு ஒரே அனுமதி, ஒரே சரிபார்ப்பு. சுற்றறிக்கையாக அனுப்பினால் போதும். அது வரும்வரை, ரேகை விழவில்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது, பணியில் இருக்கும் மருத்துவரின் கையொப்பமே போதும் என்று காப்பீட்டு மேசைகளுக்கு இந்த வாரமே தெரிவிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம். அந்தப் பெரியவருக்கு இன்னும் நான்கு சுற்று பாக்கி.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவு மருத்துவ சமூகப் பணியாளர்கள் சிலர்