மேடையில் நின்ற அந்த ‘மெக்சிகோ வேலைக்காரி’ யார்? – தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுத் தலைவர், செயலாளர், கலைநிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் நம் சங்கம் மேடையேற்றிய நகைச்சுவை நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன். தனியாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். அரங்கம் நிறைந்த கூட்டம் சேர்ந்து சிரித்த ஒன்றை நான்கு பேர் காதோடு காது வைத்துப் பேசி முடித்துக்கொள்வது முறையாகாது என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

நாடகத்தின் கதை உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், வேலைக்குப் போகும் மருமகள், வாரம் ஒரு நாள் வீடு துடைக்க வரும் ‘மெக்சிகோக்காரி’. நம்மில் ஒருவர்தான் அந்த வேடம் போட்டார். முகத்தில் பழுப்பு மை, சேலைக்குப் பதில் இறுக்கமான பாவாடை, உள்ளே தலையணை வைத்துப் பெருக்கிய பின்புறம், காதில் பெரிய வளையம், கையில் துடைப்பம். வாயைத் திறந்தால் “சி, சி, செனோரா” (ஸ்பானியத்தில் ‘ஆமாம், ஆமாம், அம்மா’). எது சொன்னாலும் புரியாமல் தலையாட்டுகிறாள். திடீரென்று கத்துகிறாள். வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். வேலை முடிந்து கிளம்பும்போது அவளுடைய ஐந்து பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறார்கள். அறிவில்லாதவள், முன்கோபி, ஆண்களை மயக்குகிறவள், பிள்ளை பெறுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவள் என்று லத்தினா பெண்கள்மீது, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள்மீது, அமெரிக்கா குத்திவைத்திருக்கும் முத்திரைகள் அத்தனையும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டன.

அன்று என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் என் அழைப்பின் பேரில் வந்திருந்தார். எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவின் மேற்பார்வையாளர், எனக்கு மேலதிகாரி. எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்த 1980களில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர். வாசலில் போட்டிருந்த கோலத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். கும்மியடித்த குழந்தைகளுக்குக் கைதட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த நாடகம் புரிவதற்குத் தமிழ் தேவைப்படவில்லை. பாதியில் எழுந்து போகாமல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், “சாப்பாடு மிக நன்றாக இருந்தது, அழைத்ததற்கு நன்றி” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் இதைச் சொன்னபோது உங்களில் ஒருவர், “அம்மா, இது வெறும் தமாஷ், யாரையும் புண்படுத்தும் எண்ணம் கிடையாது” என்றார். எண்ணம் கிடையாது என்பதை நம்புகிறேன். அந்த வேடம் போட்டவரின் நல்ல மனம் எனக்குத் தெரியும். கெட்ட எண்ணமே இல்லாத நமக்கு இந்தச் சித்திரம் எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. திருச்சியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இதை நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவில்லை. இங்கே வந்து, தொலைக்காட்சி பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

அந்தத் தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் பின்னால் இருந்த பெண்களின் கதையைக் கேளுங்கள். லூப்பே ஒன்டிவெரோஸ் நம் டெக்சஸின் எல் பாசோவில் பிறந்தவர், பட்டம் பெற்றவர், நடிக்க வருவதற்கு முன் சமூக சேவகராகப் பணியாற்றியவர். 2012இல் காலமான அவர், தம் வாழ்நாளில் வீட்டு வேலைக்காரி வேடத்தை மட்டும் 150 முறையாவது செய்திருப்பேன் என்று கணக்குச் சொன்னார். நடிகர் தேர்வுக்குப் போய் நல்ல ஆங்கிலம் பேசினால் வாய்ப்புக் கிடைக்காது, கொச்சையாகப் பேசினால்தான் கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோ ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்துக்காக 1962இல் ஆஸ்கர் வாங்கினார். நடிப்புக்காக அதைப் பெற்ற முதல் லத்தினா அவர். அந்தப் படத்திலேயே போர்ட்டோ ரிக்கோ பாத்திரங்கள் எல்லோருக்கும் ஒரே கரும்பழுப்பு மையைத்தான் பூசினார்கள். எங்கள் மக்களில் எல்லா நிறத்தவரும் உண்டே என்று அவர் ஒப்பனைக்காரரிடம் கேட்டதற்கு, “உனக்கு என்ன, இனவெறியா?” என்று பதில் வந்ததாம். ஆஸ்கருக்குப் பிறகும் அதே மாதிரி வேடங்களே தேடிவந்ததால் பல ஆண்டுகள் அவற்றை மறுத்துவிட்டு ஒதுங்கியிருந்தார். கொலம்பியாவின் நடிகை சோஃபியா வெர்காராவுக்கு இயற்கையில் பொன்னிறக் கூந்தல். லத்தினா என்று நம்பவைக்க அதைக் கறுப்பாக்க வேண்டியிருந்தது. நாம் நம் நடிகையின் முகத்தில் பூசிய மை, ரீட்டா மொரேனோவின் முகத்தில் பூசிய அதே மைதான்.

இது திரையோடு நின்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். என் மேலதிகாரி வெள்ளை அங்கியும் கழுத்தில் பதவிப் பெயர் எழுதிய அட்டையுமாக மருத்துவமனை வார்டுக்குள் நுழையும்போது, “இந்தக் குப்பைக்கூடையை எடுத்துப் போகிறாயா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் உரிய ஊழியரை அழைத்துவிடுவார். குப்பை எடுப்பது இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. ஒரு முகத்தைப் பார்த்த நொடியிலேயே இவளுக்கு இந்த வேலைதான் என்று கண் முடிவு கட்டிவிடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

2018இல் கனடா எல்லையை ஒட்டிய மொன்டானா மாநிலத்து ஹேவர் என்ற சிற்றூரில், கடையில் பாலும் முட்டையும் வாங்க நின்ற இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஸ்பானியத்தில் பேசிக்கொண்டார்கள். எல்லைக் காவல் அதிகாரி அவர்களை நிறுத்தி, அடையாள அட்டை கேட்டு, ஏறக்குறைய 40 நிமிடம் பிடித்துவைத்தார். இரண்டு பேருமே அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கைப்பேசியில் படமெடுத்தபடியே கேட்டார்கள். இந்தப் பகுதியில் ஸ்பானியம் கேட்பது வழக்கமில்லை, அதனால்தான் என்று அவரே சொன்னார். 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த குடியேற்றச் சோதனைகள் பற்றிய வழக்கில், தோற்றம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்டிருந்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. லத்தினோவைப் போலத் தோன்றி, ஸ்பானியம் பேசி, குறைந்த கூலி வேலை செய்பவராகத் தெரிகிற எவரையும் அரசு பிடித்துக்கொண்டு போகும் நாட்டில் நாம் வாழும் நிலை வரக் கூடாது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் சோனியா சோட்டோமயோர். உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தினா நீதிபதி. 2009இல் அவரை நியமிக்கும் விசாரணையில், இவர் குணம் சரியில்லை, வழக்கறிஞர்களிடம் சீறுகிறார் என்று பெயர் சொல்லாத வழக்கறிஞர்களின் குறைகளை ஒரு செனட்டர் உரக்கப் படித்தார். கேள்வி கேட்பது நீதிபதியின் தொழில். அவர் கேட்டால் மட்டும் அது முன்கோபம் ஆகிவிடுகிறது.

‘பிள்ளைகள் ஐந்து’ என்ற சிரிப்புக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். 1960களின் இறுதியிலும் 70களிலும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் பெரிய அரசு மருத்துவமனையில், பிரசவ வலியோடு வந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலருக்கு அவர்களின் முழுச் சம்மதம் இல்லாமலே கருத்தடை அறுவை செய்தார்கள். ஸ்பானியம் மட்டும் அறிந்தவர்களிடம், வலி உச்சத்தில் இருக்கும்போது, ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பது சிலருக்குப் பிறகுதான் தெரியவந்தது. இவர்கள் அளவில்லாமல் பெற்றுத் தள்ளுகிறார்கள், நாட்டுக்குச் சுமை என்ற எண்ணம் அந்த வார்டில் சாதாரணமாகப் புழங்கியது. உள்ளேயிருந்த ஓர் இளம் மருத்துவர் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். 1975இல் பத்துப் பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1978இல் தோற்றார்கள். நீதிபதி அதைத் தகவல் பரிமாற்றக் குறைபாடு என்றார். தாய்மை இந்தப் பெண்களின் வாழ்வில் எவ்வளவு பெரிது என்று ஒரு மானிடவியலாளர் அவர்களுக்காகச் சாட்சி சொல்லியிருந்தார். அந்தச் சாட்சியத்தையே நீதிபதி திருப்பிப் பிடித்தார்: இவர்களின் துயரம் இவர்களுடைய பண்பாட்டால் வந்தது, அதை மருத்துவர்கள் அறிந்திருக்க முடியாது என்றார். கவுன்டி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2018இல். அதற்குள் அந்தப் பெண்கள் கிழவிகளாகிவிட்டார்கள். ஐந்து பிள்ளைகள் மேடைக்கு ஓடிவந்தபோது நாம் சிரித்தோமே, அந்தச் சிரிப்புக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. தெரிந்த பிறகும் யாரால் சிரிக்க முடியும்?

இன்னொன்று. எல்லோரையும் ‘மெக்சிகன்’ என்று ஒரே கூடையில் போடும் பழக்கம். தெற்கிலிருந்து போன நம் எல்லோரையும் வடக்கே ‘மதராசி’ என்றபோது நமக்கு எப்படி இருந்தது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல் சால்வடோர் வேறு, ஹோண்டுராஸ் வேறு. குவாத்தமாலா மலைகளிலிருந்து வரும் மாயன் பெண்கள் பலருக்கு கிச்சே, மாம் போன்றவைதான் தாய்மொழி. ஸ்பானியம் அவர்களும் படித்துக் கற்றதுதான். பிரேசில் பெண்கள் பேசுவது போர்த்துகீசியம். டெக்சஸ் 1845இல் அமெரிக்காவோடு சேர்வதற்கு முன்பிருந்தே இங்கே வாழும் குடும்பங்களின் பெண்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் “நீ எப்போது வந்தாய்?” என்று நேற்று வந்த நாம் கேட்கிறோம்.

நம் வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் இருக்கும்போதே தமிழில் அவர்களைப் பற்றிப் பேசுவது, நகையைப் பூட்டிவைத்தாயா என்று ஊரிலிருந்து வந்த அத்தை கேட்பது, மழையால் வர முடியாத நாளுக்குக் கூலி பிடிப்பது, இவையெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினம் நடக்கும் பேச்சு. வெள்ளையின ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் லத்தினா பெண்ணுக்கு 60 சென்ட்கூட வருவதில்லை. அவளிடம் பேரம் பேசி இன்னும் பத்து டாலர் குறைத்ததைப் பெருமையாகப் பதிவிடுகிறோம்.

நான் கேட்பவை இவைதான். நாடகக் காணொளியைச் சங்கத்தின் பக்கத்திலிருந்து நீக்குங்கள். விழாவுக்கு வந்திருந்த பிற சமூகத்து விருந்தினர்களுக்குச் சங்கத்தின் பெயரில் வருத்தம் தெரிவியுங்கள். மேடைக்கு வரும் கதைவசனங்களை முன்கூட்டியே படிக்க ஒரு குழு போடுங்கள். அதில் இளையோர் இரண்டு பேராவது இருக்கட்டும். வகுப்பில் லத்தினா தோழிகளோடு உட்கார்ந்து படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நம்மைவிட நன்றாகப் புரியும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சாதனைப் பெண்கள் வாரத்துக்கு ஒட்டும் படங்களில் எல்லன் ஒச்சோவாவையும் சேருங்கள். 1993இல் விண்வெளிக்குப் போன முதல் லத்தினா. பிறகு ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்தவர். நம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் அதே மையம்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து பேசவும், எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன். வசனக் குழுவுக்கு ஆள் வேண்டுமானால் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்,
டெக்சஸ்