அந்தப் பன்னிரண்டு சதுர அடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ்த் தலையங்கத்தில், 'கூடுதலாகக் கட்டும் சொத்து வரி, குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுதான்' என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் எந்த ஓட்டலுக்குப் போகிறீர்களோ! நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். பென்ஷன் சொற்பம்தான். ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு ஒருவேளைச் சாப்பாட்டின் கணக்குத் தெரியும்.

2008க்குப் பிறகு 2022இல்தான் வரி ஏற்றம் நிலைத்தது, அப்போது ஏற்றாவிட்டால் மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியம் வந்திருக்காது என்பதெல்லாம் சரி. வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த 2022 ஏற்றத்தில் எங்கள் ஊரில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீத உயர்வு. 1,201 ஆகிவிட்டால் 75. என் கணவர் மில்லில் கணக்கு முடித்துத் தந்த பணத்தில் கட்டிய வீடு, பிளானில் 1,160 அடி. மொட்டை மாடியில் துணி காயப்போடும் தகரக் கொட்டகையையும் சேர்த்து 1,212 என்று எழுதிவிட்டார்கள். 1,200ஐப் பன்னிரண்டு அடி தாண்டியதற்கு மொத்த வீட்டுக்கும் 75 சதவீதம். கொட்டகைக்கு நாலு கால்தான், சுவரே கிடையாது. 2024இல் அந்த வரியின் தலையில் 6 சதவீதம் வேறு ஏற்றினார்கள்.

2018இல் ஏற்றியபோதும் முதல் ஆளாய்ப் போய்க் கட்டினேன். அடுத்த ஆண்டு நவம்பரில் உயர்வை நிறுத்திவைத்து, கட்டிய அதிகப் பணம் வரும் அரையாண்டுகளில் கழியும் என்றார்கள். என் ரசீது எதிலும் அது கழியவில்லை. நான் தாமதித்தால் மாதம் 1 சதவீதம் போடுகிறவர்கள், அவர்களிடம் கிடக்கும் என் பணத்துக்கு என்ன போடுவார்கள்? ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் தருகிறேன். எங்கள் வார்டு நூலகத்தில் மழை பெய்தால் செய்தித்தாளை மேசை மாற்றி மேசை வைக்கிறார்கள். தங்கள் இதழையும்தான். பாதாள சாக்கடைக் கதையை எடுத்தால் கடிதம் போதாது.

ஓட்டல் செலவு என்று எழுதிய கையால் ஒன்று மட்டும் செய்யுங்கள். மறு அளவீட்டுக்கு யாரிடம் மனு கொடுப்பது, எத்தனை நாளில் வந்து அளப்பார்கள், சுவரில்லாத தகரக் கொட்டகை கணக்கில் வருமா என்று தங்கள் நிருபரை விசாரிக்கச் சொல்லி ஒரு மூலையில் வெளியிடுங்கள். நான் மனு கொடுத்து ஏழு மாதமாகிறது. கேட்கும்போதெல்லாம் 'டேப் வரட்டும்மா' என்கிறார் பில் கலெக்டர். டேப் என் வீட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பதினெட்டு ஆண்டுச் சந்தாதாரர் ஒருத்தி