மேக்கர்ஸ்பேஸ் பொறுப்பேற்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பள்ளி நூலகத்தின் ஒரு பகுதியை மேக்கர்ஸ்பேஸாக, அதாவது பிள்ளைகள் தங்கள் கையாலேயே பொருட்களைச் செய்து பார்க்கும் இடமாக, மாற்றப் போகிறார்கள் என்றும், நூலகர் என்ற முறையில் அதன் பொறுப்பு உன்னிடமே வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். முதல் வரியில் முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. அட்டை, பசை, நூல், கத்தரிக்கோல் எல்லாம் ‘இதர பொருட்கள்’ என்ற பெயரில் கடைசி வரியில் ஒடுங்கிக் கிடக்கின்றன. பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிவிடு என்பதுதான் நான் சொல்ல நினைப்பது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நூலகத் தொழிலில் முதலில் கைவர வேண்டிய திறமை, எதிரே வந்து நிற்பவர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வியைக் கண்டுகொள்வது. பறவைகளைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு உண்மையில் தெரிய வேண்டியது, தன் வீட்டு ஜன்னலில் கூடு கட்டியிருக்கும் பறவையின் முட்டை எப்போது பொரியும் என்பதாக இருக்கலாம். அலமாரியைக் கைகாட்டி அனுப்பாமல் இரண்டு வார்த்தை பேசினால்தான் அது வெளியே வரும். மேக்கர்ஸ்பேஸிலும் உன் முதல் வேலை இதுவே. கருவிகளை இயக்கக் கற்றுத் தருவது அதற்கு அடுத்ததுதான்.

ஒரு மாணவன் வந்து, ‘மிஸ், கோட்டை ஒன்றை பிரிண்ட் எடுக்க வேண்டும்’ என்று கேட்பதாக வைத்துக்கொள். எதற்கு என்று கேள். வரலாற்றுப் பாடத்துக்கு என்பான். கோட்டையில் எதைக் காட்டப் போகிறாய் என்று மேலும் கேட்டால், எதிரிகள் வரும்போது அகழியின் மேலுள்ள பாலத்தை எப்படித் தூக்கிவிடுவார்கள் என்பதைக் காட்ட வேண்டும் என்று சொல்வான். ஆக, அவனுக்கு வேண்டியது கோட்டை அன்று, தூக்குபாலம். அதற்கு ஒரு அட்டைப் பெட்டியும் நூலும் போதும். நூலைப் பாலத்தின் கீல் பக்கமாகக் கட்டினால் இழுக்கக் கடினமாக இருக்கும்; பாலத்தின் மறுமுனையில் கட்டினால் இலகுவாக எழும். நூல் நுழையும் துளையைச் சுவரின் அடியில் போட்டால் பாலம் அசைய மறுக்கும். அதையே உயரத்தில் போட்டால் சட்டென்று தூக்கிக்கொள்ளும். இவை அனைத்தையும் ஒரே வகுப்பு வேளைக்குள் அவன் தன் விரல்களாலேயே தெரிந்துகொள்வான். அச்சுப்பொறியின் முன் நின்றிருந்தால், பல மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு அசையாத ஒரு பிளாஸ்டிக் கோட்டைதான் அவன் கைக்கு வந்திருக்கும்.

அச்சுப்பொறியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பென்சிலைச் சரியாகப் பிடிக்க முடியாத ஒரு குழந்தையின் விரல்களுக்கென்றே அளவெடுத்து ஒரு பிடி செய்ய வேண்டுமானால், அல்லது உடைந்துபோன ஒரு பற்சக்கரத்துக்கு மாற்று வேண்டுமானால், அதைப்போல் உதவும் கருவி வேறில்லை. ஆனால் கையடக்கமான ஒரு பொருளை அச்சிடவே சில மணி நேரம் ஆகும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றால், கடைசிப் பிள்ளையின் முறை வருவதற்குள் அதன் ஆர்வம் வற்றிப்போகும். அதைவிடப் பெரிய தொல்லை, இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் கோப்புகளை இறக்கி, ஆளுக்கொரு சாவிக்கொத்து அச்சிட்டுக்கொண்டு போவது. அதற்கும் நகலெடுக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதற்கும் அதிக வேறுபாடு இல்லை. அளவோ வடிவமோ ஏதேனும் ஒன்றையாவது மாணவரே வரைந்திருந்தால்தான் அச்சிடலாம் என்று தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்துவிடு.

எதை வாங்குவது என்று முடிவெடுக்க ஓர் அளவுகோல் சொல்கிறேன். 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், நல்ல கருவிக்குத் தரை தாழ்ந்தும் கூரை உயர்ந்தும் இருக்க வேண்டும் என்பார். தொடங்குவது எளிதாக இருக்க வேண்டும், வளர்ந்துகொண்டே போக இடமும் இருக்க வேண்டும் என்பது பொருள். 2007-இல் ஸ்க்ராட்ச் நிரல்மொழியை வெளியிட்ட குழுவின் தலைவர் மிட்செல் ரெஸ்னிக், சுவர்களும் அகலமாக இருக்க வேண்டும் என்று சேர்த்தார். பத்துப் பிள்ளைகள் பத்துத் திசைகளில் போக அது இடம் தர வேண்டும். உன் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இந்த மூன்றாலும் நிறுத்துப் பார். அட்டையும் நூலும் மூன்றிலும் தேறும். படிப்படியான வழிமுறைத் தாளோடு வரும் ரோபோ பெட்டிகளில் பல மூன்றாவதில் தோற்றுப்போகும்.

செலவு குறைந்த மின்சுற்று வேலைகளை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். ஒரு மாணவி கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறாள். பக்கத்தைத் திருப்பும்போது விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். செம்பு ஒட்டுநாடா, ஒரு எல்.இ.டி., 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஆகியவை இருந்தால் காகிதத்திலேயே அந்தச் சுற்றை அமைத்துவிடலாம். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனைக்குப் போக வேண்டும்; மாற்றி ஒட்டினால் எரியாது, ஆனால் இந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் கெட்டும் போகாது என்பதால் தயங்காமல் திருப்பி வைத்துப் பார்க்கலாம். அடுத்ததாக, சிவப்பையும் நீலத்தையும் அதே பேட்டரியில் அருகருகே இணைப்பாள். சிவப்பு மட்டும் எரியும். நீல விளக்கு பழுது என்று உன்னிடம் கொண்டுவருவாள். பழுது ஒன்றும் இல்லை. சிவப்புக்கு 2 வோல்ட் அளவே போதும், நீலத்துக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சிவப்பு எரியத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடுவதால் நீலத்துக்குப் போதாமல் போகிறது. இதை நீ உடனே சொல்லிவிடாதே. நீல விளக்கைத் தனியாக இணைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, அலமாரியில் மின்னணுவியல் நூல்கள் இருக்கும் 621 என்ற எண்ணுக்கு அழைத்துக்கொண்டு போ. நூலகத்துக்குள் மேக்கர்ஸ்பேஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தச் சில அடி தூரத்தைக் காட்டினால் போதும்.

அந்த அலமாரி விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி வகைப்பாட்டில் மின்னணுவியல் 621-இல் இருக்கிறது, தையல் 646-இல், புத்தகம் கட்டுதல் 686-இல், கைவினை 745-இல். கையில் பசையோடு நிற்கும் பிள்ளை இத்தனை வரிசைகளுக்கும் நடக்காது. ஒவ்வொன்றிலிருந்தும் சில நூல்களை எடுத்து, வேலை மேசைக்கு அருகே சிறு அடுக்காக வைத்து, அட்டவணையில் இட மாற்றத்தைக் குறித்துவிடு.

பட்டன் பேட்டரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். பூட்டிய பெட்டியில் வைத்து, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கு. சிறு வகுப்புகளுக்கு அது வேண்டவே வேண்டாம். கட்டர் கத்திக்கும் சூடான பசைத் துப்பாக்கிக்கும் பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்கும் தனி மேசை, அச்சுப்பொறிக்குக் காற்றோட்டமுள்ள மூலை: இவை உனக்கே தெரிந்திருக்கும். சத்தத்தைப் பற்றியும் கவலைப்படாதே. வேலை வேளையையும் வாசிப்பு வேளையையும் பிரித்து எழுதி ஒட்டினால் தீர்ந்தது.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. பாதியில் நிற்கும் வேலையை எங்கே வைப்பது? வாரத்துக்கு ஒரு வகுப்பு வேளை என்றால், ஓரளவு பெரிய எந்த வேலையும் பல வாரங்கள் நீளும். இடையில் மற்ற வகுப்புகள் வந்து போகும். வைத்த இடத்தில் பொருள் இருக்காது, இருந்தாலும் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். 1931-இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளில் நூலகம் வளரும் உயிரி என்ற ஐந்தாவதைத்தான் மேக்கர்ஸ்பேஸ் பேச்சு வந்தாலே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்ற நான்காவதுதான் இங்கே அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்க நேரும் பிள்ளை, தன் கற்பனையைச் சுருக்கி, ஒரே வகுப்பில் முடியக்கூடிய எதையாவது செய்துவிட்டுப் போகப் பழகிவிடும். ஆகவே மூடியுள்ள பெட்டிகளை நிறைய வாங்கு. வகுப்புக்கு ஒரு நிறம், குழுவுக்கு ஒரு எண். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டை இருக்கட்டும்: என்ன செய்ய நினைத்தோம், இன்று எது சரிவரவில்லை, அடுத்த முறை எங்கிருந்து தொடங்க வேண்டும். மணி அடிப்பதற்குச் சற்று முன்பே கருவிகளைக் கீழே வைக்கச் சொன்னால்தான் அந்த அட்டை எழுதப்படும். மதிப்பெண் கேட்டு வரும் ஆசிரியரிடமும், பொருளின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அந்த அட்டையைப் படிக்கச் சொல்.

முதல் மாதத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை என்றாலும் தொடங்கிவிடலாம். ஒரு தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டி மடக்கினால் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும். பிள்ளைகள் எழுதி வரைந்த அந்தச் சிறுநூல்களுக்குச் சேர்க்கை எண் போட்டு, அட்டவணையில் ஏற்றி, மற்றப் பிள்ளைகளுக்கு இரவல் கொடு. காட்சிப் பேழைக்குள் பூட்டி வைக்காதே. தான் எழுதியதை வேறொரு வகுப்புப் பிள்ளை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும் குழந்தை, அடுத்த நூலில் எழுத்துப் பிழையைத் தானாகவே திருத்தும்.

பட்டியலைத் திருத்தியதும் எனக்கு ஒருமுறை அனுப்பு. பெட்டிகள் எத்தனை என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அலமாரியின் ஆழத்தை அளந்துவிட்டு அவற்றை வாங்கச் சொல்.

அன்புடன்,
அம்மா