பட்டனுக்குப் புளி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ராணுவச் சீருடைப் பட்டன்களைச் சேகரிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பலருக்கு ஆர்வத்தைக் கிளப்பியிருக்கும். ஆனால் அதில் ‘வாங்கியதும் புளி போட்டு விளக்கினால் புதுசு போல் மின்னும்’ என்றிருந்த ஒரு வரியை நம்பி எத்தனை பட்டன்கள் பாழாகப் போகின்றனவோ!

குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் புளி சரிதான். அவை கனத்த பித்தளை; மேலே தேய்ந்தால் உள்ளேயும் பித்தளை. 19ஆம் நூற்றாண்டு அதிகாரியின் கோட்டுப் பட்டன் வேறு சாதி. மெல்லிய தகட்டில் அச்சடித்த முகம், அதன்மேல் தங்க முலாம். முலாம் எவ்வளவு தெரியுமா? 1796இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, ஓர் அங்குல அகலமுள்ள 144 பட்டன்களுக்கு 5 கிரெயின் தங்கம், அதாவது சுமார் 0.32 கிராம். ஒரு சவரனை வைத்து 3,500 பட்டன்களுக்கு முலாம் பூசிவிடலாம்! புளியின் அமிலம் தங்கத்தைத் தொடாது. முலாமின் நுண்துளைகளில் இறங்கி அடியிலுள்ள பித்தளையை அரிக்கும். துத்தநாகம் முதலில் கரைந்துபோகும், செம்பு மிஞ்சும். அதன்மேல் நாரை வைத்துத் தேய்த்தால் பிடிப்பில்லாத தங்கம் உரிந்து வந்துவிடும். விளக்கிய பட்டன் லேசாக இளஞ்சிவப்படித்தால் கதை முடிந்தது. பிராஸோ போன்ற பாலிஷ்களில் அமிலம் இல்லாவிட்டாலும் உராய்ந்து தேய்க்கும் பொடி உண்டு; முலாமுக்கு அதுவும் எமன்.

தண்ணீரில் ஊறவைப்பது இன்னொரு தவறு. முகத் தகட்டின் ஓரத்தைச் சோமாசி ஓரம் போலப் பின்தகட்டின்மேல் மடித்துத்தான் இந்தப் பட்டன்களைச் செய்தார்கள். உள்ளே காலியிடம். மடிப்பு வழியாகவும், காது, அதாவது பின்புறம் நூல் கோத்துத் தைக்கும் வளையம், பொருத்திய துளை வழியாகவும் நுழையும் நீர் எளிதில் வெளியே வராது. சில மாதங்களில் உள்ளிருந்தே களிம்பு பூக்கும். பின்தகடு இரும்பானால் துரு உப்பி மடிப்பையே பிளந்துவிடும். 18ஆம் நூற்றாண்டுப் பட்டன்கள் சிலவற்றில் பின்புறம் எலும்போ மரமோ இருக்கும், காதுக்குப் பதில் குடல் நரம்பு கட்டியிருக்கும். இவற்றின்மேல் ஈரத்துணிகூடப் படக்கூடாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மென்மையான ஓவியத் தூரிகையால் தூசு தட்டுங்கள். எழுத்துகளின் இடுக்கில் இறுகிய அழுக்கை மூங்கில் பல்குச்சியால் நெம்புங்கள். ஊசி, குண்டூசி கூடாது. அதற்கும் மசியாவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, முகத்தை மட்டும் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

சிப்பாய்களின் பட்டன்கள் தேய்ந்திருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். துணியில் படாமலிருக்க ஒரு பிளவுத் தகட்டைப் பட்டனுக்கு அடியில் செருகி, அவர்களே ஓயாமல் துலக்கியதால் வந்த தேய்வு அது. முகம் மழுங்கிப் பின்பக்க முத்திரை கூர்மையாக இருந்தால் நல்ல அறிகுறி. இரு பக்கமும் ஒரே மாதிரி மழுங்கி, பரப்பில் பொடிப்பொடிக் குழிகள் தெரிந்தால் அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலாகத்தான் இருக்கும். அசல் முத்திரையில் லண்டன் ஃபர்மின், பர்மிங்காம் ஜே.ஆர்.கான்ட் போன்ற தயாரிப்பாளர் பெயரும், சிலவற்றில் தெருப் பெயரும் உண்டு. கடை இடம் மாறினால் முகவரியும் மாறும். காலத்தைக் கணிக்க அது உதவும். புளியில் முதலில் அழிவது இந்த மெல்லிய எழுத்துத்தான்.

கட்டுரையில் பட்டனில் பொறித்த கிரீடத்தை வைத்துக் காலம் சொன்ன இடத்திலும் திருத்தம் தேவை. ‘ராணி கிரீடம்’ என்று விற்றால் எந்த ராணி என்று கேளுங்கள். வளைவுகள் குவிமாடம்போல உருண்டு ஏறினால் 1901க்குப் பிந்தைய மன்னர் கிரீடம். வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கினால் பெரும்பாலும் 1953க்குப் பிந்தைய எலிசபெத் காலத்தது. அதை விக்டோரியா காலம் என்று விலை பேசுவது சந்தையில் அன்றாடம் நடக்கிறது. நம் ராணுவத்தில் 1950இல் குடியரசானதும் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது.

எண் மட்டும் பொறித்த பட்டன்களில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 1903இல் மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகளின் எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 13ஆவது படை 73ஆவது கர்னாடிக் காலாட்படையானது, 23ஆவது 83ஆவது வாலாஜாபாத் படையானது. ஆனால் பிரிட்டிஷ் காலாட்படையிலும் 1881 வரை ஒரு 73ஆவது படை இருந்தது. உலோகத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு 1855 வரை பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை, பிறகு பித்தளை. 1871இல் பெரும்பாலான படைகளின் சிப்பாய்களுக்கு எண்ணை எடுத்துவிட்டு அரச சின்னத்தைக் கொடுத்தார்கள். ஆகவே ‘73’ என்ற எண்ணுள்ள பியூட்டர் பட்டனைக் கர்னாடிக் படையுடையது என்று யார் சொன்னாலும் பணப்பையைத் திறக்காதீர்கள். மாறாக, ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற அயர்லாந்துப் பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அதன் முதல் பட்டாலியன் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மெட்ராஸ் ஐரோப்பியப் படையிலிருந்து வந்தது.

சேமிப்பில் இரண்டு விஷயம். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துப் பச்சைக் கறை தரும். பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். பியூட்டரில் ஈயம் கலந்திருந்தால் பிளைவுட் பெட்டியும் அட்டைப்பெட்டியும் கசியவிடும் அமில ஆவியில் வெள்ளைப் பொடி பூக்கும். தொட்டபின் கைகழுவுவதும் நல்லது.

மண்ணைத் தோண்டிக் கிடைத்தால் என்ன செய்வது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அதனால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ நண்பருக்கோ பார்சல் போடும்முன், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை