பில்லில் ரைசன் 5600, உள்ளே ரைசன் 5500: மாற்றித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
கணினி அசெம்பிளி மற்றும் ஆன்லைன் விற்பனைப் பிரிவு.

பொருள்: ஆர்டருக்கு மாறாகப் பொருத்தப்பட்ட பிராசசரை மாற்றித் தரவும், சர்வீஸ் சென்டரில் வசூலித்த பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் வாங்கிய கேமிங் பிசி பற்றிப் போனில், சாட்டில், சர்வீஸ் சென்டரில் என்று எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு புது டிக்கெட் எண் வருகிறது, பழையது 'தீர்க்கப்பட்டது' என்று தானாக மூடிக்கொள்கிறது. எது தீர்ந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இனிப் பேசிப் பயனில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன்.

ஆர்டர் இதுதான்: ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக 16 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி பிசிஐஇ 4.0 (Gen4) என்விஎம்இ எஸ்எஸ்டி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். பில்லிலும் அப்படியே இருக்கிறது, கேபினெட்டில் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கரிலும் 5600 என்றே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மட்டும் ரைசன் 5 5500. கீழே எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், 16 எம்பி. 5600 என்றால் அங்கே 32 இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிராசசர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள், சில்லின் உள்பெயரான கோட் நேமில் செசான் என்று காட்டுகிறது. 5600-க்கு வெர்மீர் என்று வரும். ஸ்கிரீன்ஷாட்டுகளை முதல் டிக்கெட்டிலேயே இணைத்திருக்கிறேன்.

அதற்கு முதலில் வந்த பதில், விண்டோஸ் தப்பாகக் காட்டும், சிப்செட் டிரைவர் போடுங்கள், சரியாகாவிட்டால் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்பது. பிராசசரின் பெயர் டிரைவரிலிருந்தா வருகிறது? விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் திரையிலும் அதே 5500 தானே நிற்கிறது?

அதைக்கூட மன்னித்துவிடலாம். அடுத்துப் பேசிய உங்கள் பிரதிநிதியை மன்னிக்க முடியாது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், ரெண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்டு. 5600-க்கு பேஸ் கிளாக் 3.5, உங்களுக்கு வந்திருக்கிறதுக்கு 3.6. நியாயமாப் பார்த்தா நீங்கதான் எங்களுக்கு மிச்சம் தரணும்." சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. பக்கத்து சீட்டில் இருந்தவரும் சிரித்தது போனில் கேட்டது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு குரல் சொல்கிறதல்லவா, அந்தப் பதிவை எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

5500-க்கு பேஸ் கிளாக், அதாவது அடிப்படை வேகம், 3.6 ஜிகாஹெர்ட்ஸ் என்பது உண்மைதான். உச்ச வேகமான பூஸ்ட் 5500-க்கு 4.2, 5600-க்கு 4.4 என்பதை அவர் வசதியாக விட்டுவிட்டார். ஆனால் இங்கே பிரச்சினை கிளாக்கே இல்லை. இரண்டும் ஜென் 3 (Zen 3) வடிவமைப்பு, இரண்டும் 65 வாட், இரண்டும் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் வந்தவை. அறிமுக விலை மட்டும் 5500-க்கு 159 டாலர், 5600-க்கு 199 டாலர். அந்த 40 டாலர் ஏன் என்று உங்கள் விற்பனைப் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 5500 என்பது 5600ஜி-யின் சில்லில் உள் கிராபிக்ஸை அணைத்துவிட்டு விற்பது. அதனால் எல்3 கேஷ் பாதி, கிராபிக்ஸ் கார்டையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் பிசிஐஇ பாதையில் 4.0 கிடையாது, 3.0 மட்டும். 5600 என்பது 5600எக்ஸின் சில், கிளாக்கை மட்டும் 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்தது. எண்ணில் நூறுதான் வித்தியாசம், உள்ளே சில்லே வேறு.

பிரவுசர், எக்செல், டேலி, யூடியூப் என்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். சும்மா இருக்கும்போது 5500 கொஞ்சம் குறைவாகவே கரண்ட் இழுக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆஃபீஸ் வேலை மட்டும் பார்க்கிறவருக்கு 5500-ஐயே நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் நீங்கள் விற்றது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு 'கேமிங் பிசி' என்று. 144 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 7 மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம். 1080பி-யில் அமைப்புகளைக் குறைத்து வைத்து வாலரன்ட், சிஎஸ்2 போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை ஆடும்போது சுமை முழுக்க பிராசசர் மேல்தான். தேவையான தரவு கேஷில் இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும், அந்தக் காத்திருப்பில்தான் ஃபிரேம் விழுகிறது. விளையாட்டைப் பொறுத்து இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேலேயே வித்தியாசம் வரும். சராசரி எண் ஓரளவு நன்றாகத்தான் தெரியும், மிக மெதுவான ஃபிரேம்களைக் காட்டும் 1 சதவீத லோவைப் பாருங்கள். ஸ்மோக் போட்டு நாலு பேர் ஒரே இடத்தில் சுடும்போது திரை வெட்டி வெட்டி நகர்கிறது. ஆட்டமே அந்த நொடியில்தான்.

இதைவிடப் பெரிய கொடுமை கிராபிக்ஸ் கார்டில். ஆர்எக்ஸ் 6600-க்கு இருப்பதே எட்டு பிசிஐஇ லேன், அதாவது தரவு போய் வரும் தடங்கள். 4.0-இல் அது ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 16 ஜிபி, 3.0-இல் அதில் பாதி. 16 லேன் கார்டாக இருந்தால் 3.0-இல் ஓடினாலும் பெரிதாகத் தெரியாது. கார்டின் சொந்த நினைவகமான 8 ஜிபி விராம் நிறைந்து, டெக்ஸ்ச்சர் ரேமிலிருந்து வரத் தொடங்கியதும் இந்தக் கார்டு மூச்சு வாங்குகிறது. கார்டு விவரம் காட்டும் ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் @ குறிக்குப் பின்னால் 3.0 என்றே நிற்கிறது. சும்மா இருக்கும்போது 1.1 காட்டுமே என்று உங்கள் ஆள் வாதிட வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட விட்டுத்தான் பார்த்தது. பயாஸில் ஸ்லாட்டை ஆட்டோவிலிருந்து 4.0-க்கு (Gen4) மாற்றச் சொன்னார்கள். பிராசசரில் இல்லாததை பயாஸ் எங்கிருந்து கொண்டுவரும்? என்விஎம்இ கதையும் அதேதான். நொடிக்கு 7000 எம்பி வேகம் என்று காசு வாங்கிய டிரைவ், வேகம் அளக்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க்கில் 3500 பக்கம் நின்றுவிடுகிறது. ஆக, ஒரு பிராசசரை மாற்றி வைத்து மூன்று பொருளைப் பாதியாக்கிவிட்டீர்கள். போட்ட பணம் முழுக்கத் தண்ணீரில் என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் விளக்கிய பிறகு வந்த மின்னஞ்சல் இன்னும் அருமை: 'பிராசசரின் மேலுள்ள எழுத்துகள் தெரியும்படி படம் எடுத்து அனுப்பவும்.' எழுத்து இருப்பது கூலருக்கு அடியில், தெர்மல் பேஸ்ட்டுக்கு அடியில். கேபினெட்டில் நீங்கள் ஒட்டியிருக்கும் இன்னொரு ஸ்டிக்கர், பிரித்தால் வாரன்டி ரத்து என்கிறது. எதைக் கேட்பது? அதோடு இது ஏஎம்4 சாக்கெட். பின்கள் பிராசசரில் இருக்கின்றன. ஆறிப்போன கூலரைப் பிடித்து நேராக இழுத்தால், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். முதலில் பத்து நிமிடம் லோடில் ஓட விட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடிப்பு விட்ட பிறகுதான் தூக்க வேண்டும். இதில் ஒரு வரிகூட உங்கள் மின்னஞ்சலில் இல்லை. வளைந்திருந்தால் 'கஸ்டமர் டேமேஜ்' என்று எழுதிக் கையைக் கழுவியிருப்பீர்கள்.

சர்வீஸ் சென்டருக்கு அலைந்ததுதான் இருப்பதிலேயே தண்டம். சினிபெஞ்ச், ஃபர்மார்க் என்ற இரண்டு சோதனை மென்பொருள்களை ஓட்டிவிட்டு 'குறை ஏதும் இல்லை' என்று சீட்டுக் கொடுத்தார்கள், அதற்குப் பரிசோதனைக் கட்டணமும் வாங்கினார்கள். சினிபெஞ்சுக்கு எல்3 கேஷ் பெரிதாகத் தேவையே இல்லை. அதில் இரண்டு பிராசசரும் கிட்டத்தட்ட ஒட்டியே வரும். ஃபர்மார்க் கிராபிக்ஸ் சில்லை மட்டும் சூடாக்கிப் பார்ப்பது. நடுவில் ஒருவர் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகி, டிஸ்ப்ளே வரவில்லை, போர்டு அவுட் என்று அறிவித்தார். 5500 ஆனாலும் 5600 ஆனாலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. இதை உங்கள் டெக்னீஷியனுக்கு கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ரிச்சி தெருவில் டீ வாங்கி வரும் பையன்கூடக் கேபிளைக் கார்டில்தான் செருகுவான்.

திரும்பி வந்த மெஷின் போனதைவிட மோசம். ரேம் குச்சிகள் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருந்தன. முதல் இரண்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வழியில் ஓடும் டூயல் சேனல் போய், ஒரே வழியில் ஓடும் சிங்கிள் சேனல் ஆனது. பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சிமாஸை க்ளியர் செய்ததில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அணைந்து, 3200-இல் ஓட வேண்டிய ரேம் 2400-இல் ஓடியது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பும் அணைந்துபோனதால், விண்டோஸ் 11-இல் வாலரன்ட் திறக்கவே மறுத்தது. 'குறை ஏதும் இல்லை' என்ற சீட்டோடு இத்தனை குறைகள்.

இத்தனைக்கும் நடுவில் கண்ணியமாகப் பேசிய ஊழியர் ஒருவரும் இருந்தார். ஸ்டாக் இல்லாததால் அசெம்பிளியில் 5500-ஐப் போட்டிருக்கலாம் என்று அவர் சொன்னார். ஸ்டாக் இல்லையென்றால் ஆர்டர் எடுத்தபோதே ஒரு போன் செய்திருக்கலாம், காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். யாரும் யார் மேலும் கோபப்பட வேண்டியிருந்திருக்காது. அந்த நல்ல மனிதரிடமிருந்து டிக்கெட்டைப் பிடுங்கி மறுபடி அந்த 'மிச்சம் தரணும்' ஆசாமியிடமே ஏன் கொடுத்தீர்கள் என்பதுதான் புரியவில்லை.

தயவுசெய்து இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்வேன். அங்கும் இழுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குபவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. உங்கள் ஆளும் அங்கே ஆஜராக வேண்டும். பில்லுக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், அங்கே பேஸ் கிளாக் கதை எடுபடாது.

கேட்பது பெரிதல்ல. சீல் பிரிக்காத பெட்டியில் ரைசன் 5 5600 வர வேண்டும், பெட்டியின் சீரியல் எண் பில்லில் ஏற வேண்டும், பரிசோதனைக் கட்டணம் திரும்ப வர வேண்டும். விலை வித்தியாசத்தை கூப்பனாகத் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். ரைசன் 5 5600ஜி-யை அனுப்பிவிட்டு '5600 தானே' என்றும் சொல்ல வேண்டாம், அதிலும் இதே 16 எம்பி, இதே 3.0 தான்.

மெஷினை மறுபடி சர்வீஸ் சென்டருக்குத் தர மாட்டேன். டெக்னீஷியனை வீட்டுக்கு அனுப்புங்கள், புது தெர்மல் பேஸ்ட்டோடு. பிராசசரை மாற்றி முதன்முறை ஆன் செய்ததும் பிராசசருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியான எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா என்று கறுப்புத் திரையில் கேட்கும். என்னைக் கேட்காமல் ஒய் (Y) அழுத்தக் கூடாது என்று அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறது, ரெகவரி கீயை எடுத்து வைத்த பிறகுதான் அந்த வேலை. எக்ஸ்எம்பியைத் திரும்ப ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் 32 எம்பி, ஜிபியு-இசட்டில் 4.0 இரண்டையும் காட்டிய பிறகே சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், கேபினெட் ஸ்டிக்கரின் படம், சிபியு-இசட், ஜிபியு-இசட், கிறிஸ்டல்டிஸ்க்மார்க் ஸ்கிரீன்ஷாட்டுகள், 'குறை ஏதும் இல்லை' சீட்டு.