புனலூர் வீட்டு சுவிட்சுகள் பற்றி மீனாவுக்கு

அன்பு மீனா,

கட்டிக்கொண்டிருக்கிற புது வீட்டுக்கு, போனிலிருந்தே போட்டு அணைக்கிற ஸ்மார்ட் சுவிட்ச் எது வாங்கலாம் என்று நேற்று ராத்திரி நீ கேட்டதற்கு நான் முழுசாகப் பதில் சொல்லவில்லை. இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. எழுதியே அனுப்பினால் மாப்பிள்ளையும் படிப்பார், அங்கே வேலை பார்க்கிற வயர்மேனிடமும் காட்டலாம். நீ அனுப்பிய லிங்க் எல்லாம் பார்த்தேன். எந்த ஸ்மார்ட் சுவிட்ச் விலை குறைவு, எது ஹோம் அசிஸ்டண்டோடு (வீட்டு சாமான்களை ஒரே இடத்திலிருந்து இயக்குகிற உங்கள் சாஃப்ட்வேர்) சேரும் என்றுதான் நீ கேட்கிறாய், அதைப் பின்னால் சொல்கிறேன். சுவிட்சை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சுவருக்குள் போகிற வயரை பூச்சு வேலை முடிந்த பிறகு மாற்ற முடியாது. அதனால் முதலில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கறுப்பு வயர்.

நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் என்னோடு வேலைக்கு வந்து டார்ச் பிடித்தவள்தானே நீ. லைட்டுக்கான ஃபேஸ், அதாவது கரண்ட் வருகிற வயர் மட்டும் சுவிட்சுக்கு இறங்கி ஏறும், கறுப்பு வயர் நேரே லைட் பாயிண்டுக்குப் போய்விடும். ஹால், பெட்ரூம் மெயின் போர்டுகளில் 5 ஆம்ப்ஸ் பிளக் ஒன்று இருப்பதால் அங்கே நியூட்ரல் எப்படியும் வந்துவிடும். வராமல் போவது மாடிப்படியில் மேலேயும் கீழேயும் போடுகிற டூவே சுவிட்ச், கட்டில் தலைமாட்டு சுவிட்ச், பாத்ரூமுக்கு வெளியே தனியாக நிற்கிற சுவிட்ச், இவற்றில்தான். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது, லைட் அணைந்திருக்கும்போதும் அதற்குக் கரண்ட் வேண்டும். நியூட்ரல் இல்லையென்றால் அது பல்ப் வழியாகவே கொஞ்சம் கரண்டை உறிஞ்சும். பழைய குண்டு பல்புக்கு அது தெரியவே தெரியாது, இப்போதைய 5 வாட்ஸ் எல்இடி என்றால் அணைத்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது கண் சிமிட்டும், அதை நிறுத்த பல்புக்குக் குறுக்கே தனியாக ஒரு கெப்பாசிட்டர் போட வேண்டிவரும். சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் வைத்து அதை ஸ்மார்ட் ஆக்குகிற சின்னப் பெட்டியை மாட்யூல் என்பார்கள், அதில் நியூட்ரல் வேண்டாதவையும் இருக்கின்றன, உதாரணத்துக்கு சோனாஃப் இசட்பி மினி எல்2, ஆனால் அது 6 ஆம்ப்ஸ்தான் தாங்கும், அடுத்த மாட்யூலுக்கு சிக்னலைக் கடத்தவும் செய்யாது. கட்டி முடித்த பழைய வீட்டுக்கு அது வரம், உன் வீட்டுக்கு அது தேவையே இல்லை. ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு 1 ஸ்கொயர் எம்எம் கறுப்பு வயர் இழுக்கச் சொல், மொத்த வீட்டுக்கும் கூடுதல் செலவு ஒன்றிரண்டு காயில் வயரோடு முடிந்துவிடும்.

இதில் வயர்மேனிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தந்த லைட் எந்த சர்க்யூட்டில் இருக்கிறதோ அதே சர்க்யூட்டின் நியூட்ரலைத்தான் பாக்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று மேல்மாடி நியூட்ரலைக் கீழே லூப் அடித்துவிட்டால், ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பிரேக்கர்) வழியாகப் போன கரண்ட் இன்னொன்று வழியாகத் திரும்பும். 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் தெரிந்தாலே அது டிரிப் ஆகிற சாமான், லைட்டைப் போட்டதும் வீடே இருட்டாகும், யாருக்கும் காரணம் பிடிபடாது. புனலூருக்குப் பக்கத்தில் அஞ்சல் என்கிற ஊரில் ஒரு கல்ஃப்காரர் வீட்டில் இதையே தேடி ரெண்டு பேர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். இன்வெர்ட்டர் லைன் தனியாக இழுக்கிறீர்கள் என்றால் அதிலும் இதே கவனம் வேண்டும்.

அடுத்து பாக்ஸ். ஆழமானதாக வாங்கு, ஒரு அளவு பெரியதாகவும் வாங்கு. நாலு சுவிட்ச் வருகிற இடத்தில் 6 மாட்யூல் பாக்ஸ் (ஆறு சுவிட்ச் அகலம்) போட்டு மிச்சத்தை டம்மி பிளேட்டால் மூடிவிடலாம், பின்னால் ஸ்மார்ட் மாட்யூல் உட்கார இடம் கிடைக்கும், வயர் கசங்காது, சூடும் தேங்காது. இரும்பு பாக்ஸ் வேண்டாம், பிவிசியே போடு, இரும்புக்குள் வைத்தால் ரேடியோ சிக்னல் அமுங்கிப்போகும். உன் வீடு வெட்டுக்கல் சுவர் வேறு, அதன் கனத்துக்கு ஏற்கெனவே சிக்னல் பாதி குறையும்.

இனி நீ கேட்ட கேள்வி. கண்ணாடி டச் பேனல் பார்க்க அழகாக இருக்கிறது, படம் அனுப்பியிருந்தாய், எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஆயிரக்கணக்கில் விலை, உள்ளே இருக்கிற போர்டு போனால் அந்த அறையின் அத்தனை லைட்டும் போச்சு, கடையில் போய் வேறு கம்பெனி சாமானை வாங்கி அதே இடத்தில் மாட்டவும் முடியாது. தென்மலைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஒரு இடிக்கு மூன்று பேனல் போய், கம்பெனியிலிருந்து மாற்று வருகிறவரை அவர்கள் டேபிள் லேம்ப்பை வைத்துச் சமாளித்தார்கள். சமையலறையில் ஈரக் கையோடு தொட்டால் அது சொன்ன பேச்சும் கேட்காது. சம்பந்தியம்மா வருவார்கள், உன் அம்மா வருவாள், இருட்டில் கையால் தடவி அமுக்குகிற மாதிரி சுவரில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதனால் சுவரில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சாதாரண மாடுலர் சுவிட்ச், அதற்குப் பின்னால் பாக்ஸுக்குள் தீப்பெட்டி அளவு மாட்யூல். இதுதான் விலையிலும் குறைவு, கெட்டால் பத்து நிமிஷத்தில் அதைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் பழையபடி நேரடியாகக் கொடுத்துவிடலாம், வேறு எதையும் தொட வேண்டாம்.

வைஃபையா, ஜிக்பீயா (இந்த மாதிரி சாமான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தனி ரேடியோ முறை) என்று மாப்பிள்ளை கேட்டாராம். ரெண்டு மூன்று சுவிட்சோடு முடிந்துவிடும் என்றால் வைஃபையே போதும், எல்லாவற்றையும் இணைக்கிற ஹப் என்ற பெட்டி எதுவும் வேண்டாம். ஷெல்லி மாட்யூல் நல்ல சாமான், 16 ஆம்ப்ஸ் தாங்கும், இன்டர்நெட் இல்லாமலே வீட்டுக்குள் வேலை செய்யும், விலை மட்டும் கொஞ்சம் கூடுதல். டூயா வகை வைஃபை மாட்யூல் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது, மலிவுதான், ஆனால் வாங்கிய கோலத்தில் அது பெரும்பாலும் கம்பெனி செர்வரை நம்பித்தான் இருக்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனி முன்னறிவிப்பே இல்லாமல் செர்வரை நிறுத்திவிட்டது, காசு கொடுத்து வாங்கியவர்களின் ஆப் ஒரே நாளில் வேலை செய்யாமல் போனது. அந்த மாதிரி ஒரு கயிற்றில் உன் வீட்டு விளக்கைக் கட்டாதே.

பத்து பாயிண்டைத் தாண்டினால் ஜிக்பீதான் என் கணக்கு. நெட் கனெக்ஷனோடு கொடுக்கிற ரூட்டர் இத்தனை சாமானைத் தாங்காமல் ஒவ்வொன்றாக விட்டுவிடும். ஜிக்பீ அந்த ரூட்டரை நம்பி இல்லை, நியூட்ரல் உள்ள மாட்யூல் ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சிக்னலைக் கைமாற்றி விடும், வெட்டுக்கல் சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. சோனாஃப் இசட்பி மினி ஆர்2 பார், நியூட்ரல் வேண்டும், 10 ஆம்ப்ஸ், சிக்னல் கடத்தும், ஹோம் அசிஸ்டண்டில் நேராகச் சேரும். நீங்கள் ஏற்கெனவே ராஸ்பெரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரை ஓட்டுகிறீர்கள், அதில் ஜிக்பீ யுஎஸ்பி டாங்கிள் ஒன்று செருகினால் ஹப் தனியாக வாங்க வேண்டாம். டாங்கிளை நேரே செருகாமல் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வை, யுஎஸ்பி 3 போர்ட் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் ஏறி பாதி சுவிட்ச் காணாமல் போகும். வைஃபையும் ஜிக்பீயும் ரெண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் வைஃபையை 1ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25இலும் வைத்தால் ஒன்றை ஒன்று மிதிக்காது. மேட்டர் என்று 2022இல் வந்த புது முறை பற்றியும் கேட்டாய், அது போட்ட சாமான் நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கு, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து இசட்-வேவ் (ஜிக்பீ மாதிரி இன்னொரு ரேடியோ முறை) சுவிட்ச் கொண்டு வருகிறேன் என்றானாம். அன்போடு சொல்கிறான், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கே 120 வோல்ட், நமக்கு 230. பாக்ஸ் அளவும் வேறு. இசட்-வேவ் ரேடியோ அங்கே 908 மெகாஹெர்ட்ஸில் பேசும், இந்தியாவுக்கு ஒதுக்கியிருப்பது 865, இங்கே வாங்கிய ஹப்போடு அது பேசவே பேசாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியதை வயர்மேனிடம் நீயே நின்று சொல். சோனாஃப் மினி வகையில் எஸ்1, எஸ்2 என்று ரெண்டு முனை இருக்கும், சுவர் சுவிட்சின் ரெண்டு வயரும் அதில் மட்டும்தான் போக வேண்டும், அங்கே ஃபேஸ் தொட்டால் மாட்யூல் அந்த நிமிஷமே போய்விடும். ஷெல்லியில் நேர் எதிர், சுவிட்ச் முனைக்கு ஃபேஸ்தான் கொடுக்க வேண்டும். ரெண்டையும் கலந்து வேலை செய்கிறவர்கள் கை இங்கேதான் தவறும், ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரே வகை சாமான் போடு. ஃபேஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் சிவப்பு டேப் சுற்றி வைக்கச் சொல்.

இன்னொன்று. போனில் லைட்டை அணைத்தாலும் சுவர் சுவிட்ச் கீழே ஆன் நிலையிலேயே இருக்கும், திரும்பப் போட அதை மேலே தள்ள வேண்டும். நமக்குப் பழகிவிடும், பெரியவர்களுக்குக் குழப்பம். அந்த இடங்களில் காலிங் பெல்லுக்குப் போடுகிற புஷ் சுவிட்சை அதே மாடலில் வாங்கிப் போட்டுவிடு, அமுக்கினால் எரியும், மறுபடி அமுக்கினால் அணையும், மேலே கீழே என்ற பேச்சே இல்லை. மாட்யூல் செட்டிங்கில் மட்டும் புஷ் வகை என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும், பெட்ரூம் எல்லாவற்றுக்கும் அதை ஆஃப் என்று வை. இல்லையென்றால் ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வரும்போது வீட்டில் அத்தனை விளக்கும் எரிந்து குழந்தை எழுந்துவிடும். மாடிப்படிக்கும் போர்ட்டிகோவுக்கும் பழைய நிலையே என்று வைக்கலாம். ரூட்டரும் ராஸ்பெரி பையும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

ஃபேனுக்கு இந்த மாட்யூல் வேகம் குறைக்காது, ஆன் ஆஃப் மட்டும்தான். நீ வாங்குவது கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் என்றால் அதற்கு ரெகுலேட்டரே கூடாது, ரிமோட் வழியாகப் பார்த்துக்கொள். தண்ணீர் மோட்டாரை இதில் கொடுக்கவே கொடுக்காதே, ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டுக்கு மாட்யூலுக்குள் இருக்கிற ரிலே (ஆன் ஆஃப் செய்கிற முனை) ஒட்டிக்கொள்ளும். கீசரும் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்ப்ஸ் இழுக்கும், 10 ஆம்ப்ஸ் மாட்யூலில் கூடாது.

இடியை மறக்காதே. துலா மாதம் (நம் ஐப்பசி) மத்தியானத்துக்கு மேல் புனலூரில் இடி எப்படி விழும் என்று உனக்கே தெரியும், மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில் சித்திரையிலும் அதே கதைதான். ஆர்சிசிபி இடியைத் தடுக்காது. பிரேக்கர் எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸில் டைப் 2 எஸ்பிடி (இடியால் பாய்கிற கரண்டை எர்த்துக்குத் திருப்புகிற சாமான்) ஒன்று போடச் சொல், எர்த் குழியும் ஒழுங்காக இருக்க வேண்டும், எர்த் சரியில்லாத எஸ்பிடியால் பிரயோஜனம் இல்லை. சுவிட்சில் மிச்சம் பிடிக்கிற காசை இங்கே போடு என்பேன்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உன் பிளானில் 40 பாயிண்ட் எண்ணினேன். ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் நாற்பதாயிரம் ஆகிறது, அதில் பாதியை நீ ஒருநாளும் போனில் தொடமாட்டாய். ஸ்டோர் ரூம் லைட்டுக்கு எதற்கு ஸ்மார்ட்? போர்ட்டிகோ, கேட் லைட், மாடிப்படி, ஹாலில் ரெண்டு, பாத்ரூமுக்குப் போகிற நடை, உங்கள் பெட்ரூம், குழந்தை அறை, சாமி அறை விளக்கு, இவ்வளவு போதும் இப்போதைக்கு. மற்றவற்றில் வயரும் பாக்ஸும் தயாராக இருக்கட்டும், எது வேண்டும் என்று குடியிருந்து பார்த்தால் தெரியும், அப்போது ஒவ்வொன்றாக வாங்கி மாட்டலாம்.

பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் பைப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வை, பக்கத்தில் டேப்பைப் பிடித்து அளவு தெரிய எடு. டிபி பாக்ஸ் எத்தனை வே (எத்தனை பிரேக்கர் இடம்), ஆர்சிசிபி ஒன்றா ரெண்டா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, அதைப் பார்த்துத்தான் நியூட்ரல் எங்கே பிரிய வேண்டும் என்று நான் வரைந்து தர முடியும். வயர்மேன் சுவரில் பைப்புக்குக் காடி வெட்டி முடிக்கிற அன்று சொல், கொல்லம் வண்டியில் ஏறி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன், அம்மா குழந்தைக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அதையும் கொண்டு வருகிறேன்.

உன் அப்பா
செங்கோட்டை