பிரிவை மூடுவதற்கு முன்னால் ஒரு வரலாறு ஆசிரியரைப் போடுங்கள்

எங்கள் மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பு வரலாறு பிரிவில் சேர்க்கை ரொம்பவும் குறைந்துவிட்டதாம், அதனால் அடுத்த கல்வியாண்டில் அந்தப் பிரிவே இருக்காதாம். ஏன் குறைந்தது என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்களுக்குத் தெரியாததா? இருந்த முதுகலை ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போனார், அந்த இடத்துக்கு இன்றுவரை ஆள் வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் ஒருவரைப் போட்டார்கள், சம்பளம் ஒழுங்காக வராததால் அவரும் கிளம்பிவிட்டார். வாத்தியார் இல்லாத பிரிவில் யார் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்? சமையல்காரரே இல்லாமல் மெஸ்ஸைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிட ஆள் வரவில்லை என்று பூட்டுவது போலத்தான் இது.

என் மகள் இப்போது பிளஸ் டூ. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவள், வரலாறுதான் வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தாள். "பயாலஜி கிடைக்குமே, ஏன் போய் இதை எடுக்குறே?" என்று பள்ளியிலேயே கேட்டார்கள். சரி, அது ஊர் வழக்கம், விடுங்கள்.

விட முடியாதது அவளுடைய விடைத்தாள். வரலாறு தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அதில் 35 மதிப்பெண், ஆளுக்கு ஐந்து மதிப்பெண் உள்ள பெரிய கேள்விகளுக்குப் போகிறது. ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்து, இங்கே காரணம் சொல்லவில்லை, இங்கே சுற்றி வளைக்கிறாய் என்று திருத்தினால்தான் அந்தப் பதில்களை எழுதப் பழக முடியும். 1922இல் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்திய பிறகு ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தி நிறுத்தியது பற்றி இவள் ஒரு தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். இயக்கம் உச்சத்தில் இருக்கும்போது நிறுத்தியது சரியா, அடுத்த வருஷமே சி.ஆர். தாஸும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சி என்று தனி வழியில் போனார்களே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் சொந்தமாக யோசித்து எழுதியிருக்கிறாள். தாள் திரும்பி வந்தபோது அதில் இருந்தது ஒரு நீளமான டிக், பக்கத்தில் 3. ஏன் 3, ஏன் 5 இல்லை என்று ஒரு வரி கிடையாது. பொறுப்பு வகுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பொருளியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "எனக்கு இது மேஜர் இல்லைம்மா, கைடுல இருக்கிற மாதிரியே எழுதிடு, மார்க் வந்துரும்" என்றாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் பாடத்துக்கே நேரம் போதாத மனுஷர், உள்ளதைச் சொன்னார். ஆனால் யோசித்து எழுதிய பிள்ளையை யோசிக்காதே என்று சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது யார்?

புத்தகத்தில் 15 பாடங்கள். இந்திய விடுதலைப் போராட்டமே இன்னும் பாதியில் நிற்கிறது. பிரெஞ்சுப் புரட்சி, இரண்டாம் உலகப் போர் எல்லாம் இரண்டாம் தொகுதியில் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. ஆசிரியரைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பிளஸ் ஒன் கதை இதைவிட மோசமாகப் போகும். 2017-18இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையட்டும், சந்தோஷம். ஆனால் ஆளும் இல்லை, பொதுத்தேர்வும் இல்லை என்றால் சிந்துவெளியில் தொடங்கி சோழர், விஜயநகரம் என்று ஆங்கிலேயர் ஆட்சி வரை போகும் அந்தப் புத்தகத்தை யார் நடத்தப்போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். 2023இல் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தார்கள், நாங்களும் பெருமையோடு பார்த்துவிட்டு வந்தோம். 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த சான்றுகளை வைத்து இங்கே 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று அறிவித்தார்கள், அதற்கும் கை தட்டினோம். மேடையில் 5,300 ஆண்டு பேசுகிறோம், எங்கள் பள்ளியில் வாரத்துக்கு நான்கு பீரியட் வரலாறு நடத்த ஆள் இல்லை. நாளைக்குக் குழி தோண்டவும், கிடைத்த பானை ஓட்டில் இருக்கும் எழுத்தைப் படிக்கவும் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று நினைக்கிறீர்கள், பயாலஜி குரூப்பிலிருந்தா? அப்புறம் இதே பிள்ளைகள் அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வுக்குப் போகும்போது கோச்சிங் சென்டரில் காசு கட்டி இதே வரலாற்றைப் படிக்க வேண்டும்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். ஆசிரியர் கூடுதலாக இருக்கும் பள்ளியிலிருந்து பணி நிரவலிலோ, தற்காலிகமாக மாற்றுப் பணியிலோ, எப்படியாவது ஒரு வரலாறு முதுகலை ஆசிரியரை அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். பிரிவை மூடும் முடிவை அதுவரை நிறுத்தி வையுங்கள். ஆசிரியர் வந்து ஒரு வருஷம் முழுசாகப் பாடம் நடந்த பிறகும் பிள்ளைகள் சேரவில்லை என்றால் அப்போது பேசிக்கொள்ளலாம், நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். பதிலை, தயவுசெய்து, வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிளஸ் டூ வரலாறு பிரிவு மாணவி ஒருத்தியின் அம்மா